லு பான்: பொமெரோலின் ஆறரை ஏக்கர் தோட்டமும் அதன் புட்டிகளைத் தேடுவோரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்தோ ஒயினைப் பற்றி நண்பர்களோடு பேச உட்கார்ந்தால், எங்கே தொடங்கினாலும் பேச்சு லு பானில் வந்து நிற்கிறது. இத்தனை சின்ன இடத்துக்கு ஏன் இத்தனை பெரிய விலை என்று யாராவது கேட்காமல் விடுவதில்லை. பல ஆண்டுகளாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

லு பான் எங்கே இருக்கிறது?

பிரான்சின் தென்மேற்கில், போர்தோ வட்டாரத்தில், தோர்தோன் ஆற்றின் வலக்கரையில் லிபூர்ன் என்றொரு ஊர் உண்டு. அதன் எல்லையிலேயே பொமெரோல் தொடங்கிவிடும். மொத்தம் சுமார் 800 ஹெக்டேர்தான். மலை, பள்ளத்தாக்கு என்று கண்ணைக் கவரும் காட்சி எதுவும் கிடையாது. எங்கு பார்த்தாலும் சமதளமாகத் திராட்சைக் கொடிகள், நடுவே தேவாலயத்தின் கூர்ங்கோபுரம். வழி தவறினால் அந்தக் கோபுரத்தைப் பார்த்துத்தான் திசை பிடிக்க வேண்டும்.

அந்தச் சமவெளியின் நடுப்பகுதியில், வியூ ஷாத்தோ செர்தான், துரோத்தனுவா போன்ற பெயர்பெற்ற தோட்டங்களுக்கு அருகில் லு பான் இருக்கிறது. பரப்பு 2.7 ஹெக்டேர், நம் கணக்கில் ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். நம் ஊரில் ஒரு நடுத்தர விவசாயி வைத்திருக்கக்கூடிய நிலம்.

யார் தொடங்கியது?

தியென்பொன் குடும்பம் பெல்ஜியத்தைச் சேர்ந்தது. எத்திகோவ் என்ற ஊரில் ஒயின் வணிகம் செய்தவர்கள். பொமெரோல் ஒயினுக்கு அந்தக் காலத்தில் பெல்ஜியம்தான் முக்கியமான சந்தைகளில் ஒன்று. போர்தோவின் இடக்கரையில், அதாவது கரோன், ஜிரோந்த் ஆறுகளின் மேற்குக் கரையில் உள்ள பெருந்தோட்டங்கள் லண்டனைப் பார்த்து வளர்ந்தபோது, லிபூர்ன் வணிகர்கள் வடக்கே பெல்ஜியத்துக்குப் பீப்பாய் பீப்பாயாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆகவே பெல்ஜிய வணிகக் குடும்பம் ஒன்று பொமெரோலில் நிலம் வாங்கியதில் வியப்பில்லை. 1924-ல் ஜார்ஜ் தியென்பொன் வியூ ஷாத்தோ செர்தான் தோட்டத்தை வாங்கினார்.

1979-ல் அருகிலேயே ஒரு ஹெக்டேரைச் சற்றே தாண்டிய ஒரு துண்டு நிலம் விலைக்கு வந்தது. அதில் விளைந்த ஒயின் அதுவரை தனிப்பெயர் இல்லாமல் பொதுவாகப் பொமெரோல் என்று மட்டுமே விற்கப்பட்டுவந்தது. கேட்கப்பட்ட விலை பத்து லட்சம் பிராங்க். குடும்பத்தில் பெரியவர்களுக்கு அது அதிகமாகப் பட்டது. இளையவரான ழாக் தியென்பொன் வாங்கினார். அந்த ஆண்டு அறுவடையே லு பான் என்ற பெயரில் வந்த முதல் ஒயின். பிறகு பக்கத்துச் சிறு துண்டுகள் கைக்கு வரும்போதெல்லாம் சேர்த்துச் சேர்த்து இன்றைய அளவுக்கு வந்திருக்கிறது.

பெயருக்கு என்ன பொருள்? முன்னால் ஏன் 'ஷாத்தோ' இல்லை?

லு பான் என்றால் பைன் மரம். வீட்டருகே நின்ற மரம்தான் பெயரைக் கொடுத்தது. ஷாத்தோ என்றால் மாளிகை. போர்தோவில் சாதாரண ஓட்டு வீடு இருந்தாலும் தோட்டத்துக்கு ஷாத்தோ என்று பெயர் வைப்பார்கள். இங்கே இருந்தது பழுதடைந்த ஒரு பண்ணை வீடும் அதன் அடியில் ஒரு நெருக்கமான நிலவறையும்தான். இருப்பதை இருப்பதாகவே சொன்ன அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். 2011-ல் பெல்ஜியக் கட்டடக்கலை நிறுவனமான ராப்பிரெக்ட் என் டாம் வடிவமைத்த புதிய கட்டடம் எழும்பிய பிறகும் அவர்கள் பெயரை மாற்றவில்லை.

ஆண்டுக்கு எத்தனை புட்டி வருகிறது?

12 புட்டி கொண்ட பெட்டிக் கணக்கில் 600 முதல் 700 பெட்டி, அதாவது ஏழாயிரத்திலிருந்து எட்டாயிரத்துச் சொச்சம் புட்டிகள். பக்கத்திலுள்ள பெத்ருஸ் தோட்டம் சுமார் 11.5 ஹெக்டேர், அதையே அரிது என்பார்கள். இடக்கரையின் லஃபீத் நூறு ஹெக்டேருக்கும் மேல்.

இந்த எட்டாயிரம் புட்டியும் உலகம் முழுவதற்கும். ஒரு வணிகருக்கு ஒதுக்கப்படுவது சில பெட்டிகள். அவர் தன் பழைய வாடிக்கையாளர்களுக்கு மூன்று புட்டி, இரண்டு புட்டி என்று பிரித்துக் கொடுப்பார். வாங்கியவர்களில் பலர் குடித்தும் விடுகிறார்கள். ஆண்டுகள் போகப்போக எஞ்சியிருப்பது குறைந்துகொண்டே வரும். 1982-ம் ஆண்டுப் புட்டிகள் இன்று எத்தனை முழுதாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் ஏல விலையின் பாதி புரிந்துவிடும்.

அளவு குறைவு என்பதால் மட்டும்தான் இந்த மதிப்பா?

இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான்.

1990-களில் வலக்கரையில், முக்கியமாக சாந்த்-எமிலியோனில், மிகச் சிறிய அளவில் ஒயின் செய்யும் ஓர் அலை எழுந்தது. வீட்டுக் கொட்டகையில் கார் நிறுத்தும் இடத்திலேயே செய்தார்கள் என்று 'கராஜ் ஒயின்' எனப் பெயர் வந்தது. ழான்-லுக் துனவான் 1991-ல் தொடங்கிய வலான்த்ரோ அதில் மிகப் புகழ்பெற்றது. இந்த அலைக்கே முன்னோடி லு பான்தான் என்று எழுதுவார்கள். அளவைப் பார்த்தால் சரி. ஆனால் கராஜ் ஒயின்கள் பலவற்றின் அடியில் இருந்தது சாதாரண நிலம். கடும் தேர்வு, நன்கு பழுத்த பழம், புதுப் பீப்பாய், விமர்சகரின் புள்ளிகள் ஆகியவற்றால் விலை ஏறியது. பத்துப் பதினைந்து ஆண்டில் அவற்றில் பல பெயர்கள் ஏலப் பட்டியலிலிருந்தே மறைந்துவிட்டன. வலான்த்ரோ நிலைத்தது, 2012-ல் சாந்த்-எமிலியோனின் முதல்தரப் பட்டியலிலும் ஏறியது. அது விதிவிலக்கு.

லு பான் நிற்பது பொமெரோல் மேட்டின் நல்ல நிலத்தில். கூழாங்கல்லும் மணலும் கலந்த மண், அடியில் களிமண். தண்ணீர் தேங்காமல் வடியும். கோடையில் கொடி காய்ந்துபோகாமல் கீழே களிமண் ஈரம் பிடித்து வைத்திருக்கும். மெர்லோ திராட்சைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? குறைவாக விளைவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். இந்த மண் வேறு யாருக்கும் கிடைக்காது.

அப்படியானால் ஏதாவது அரசுத் தரவரிசையில் முதலிடமா?

எந்த வரிசையிலும் இல்லை. 1855-ல் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது வலக்கரையைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. சாந்த்-எமிலியோன் பிறகு தனக்கென ஒரு வரிசையை உருவாக்கிக்கொண்டது. பொமெரோல் இன்றுவரை அதைச் செய்யவில்லை. பெத்ருஸுக்கும் தரப்பட்டம் கிடையாது. குடித்தவர்கள் சொன்ன பேச்சும் ஏலத்தில் கை தூக்கியவர்கள் கொடுத்த விலையும்தான் இங்கே வரிசை.

ஒயினை எப்படிச் செய்கிறார்கள்?

இன்று முழுக்க மெர்லோ. தோட்டம் சிறியது என்பதால் பழம் சரியான பதத்துக்கு வந்த நாளில் ஆட்களைத் திரட்டிக் கையால் பறித்துவிடலாம். பெரிய தோட்டங்களுக்கு இந்த வசதி கிடையாது. நூறு ஹெக்டேரை ஒரே நாளில் யாராலும் பறிக்க முடியாது. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளில் நொதித்தல் நடக்கிறது. பிறகு புதிய ஓக் பீப்பாய்களுக்குப் போகிறது.

இரண்டாம் நொதித்தல் என்று ஒன்று உண்டு. பச்சை ஆப்பிளில் இருப்பது போன்ற கூரிய புளிப்பு, பாலின் மென்மையான புளிப்பாக மாறும் கட்டம். போர்தோவில் பொதுவாக இதைத் தொட்டியில் முடித்துவிட்டுத்தான் பீப்பாய்க்கு மாற்றுவார்கள். லு பானில் தொடக்கத்திலிருந்தே பீப்பாயிலேயே செய்தார்கள். இடம் போதாத நிலவறையில் வேறு வழி இல்லாமல் தொடங்கியது அது. ஒயினும் மரமும் இளம்வயதிலேயே ஒன்றோடொன்று இணைந்து, குழைந்த ஒரு சுவை வந்தது. பின்னாளில் போர்தோவின் பல தோட்டங்கள் இதை விரும்பியே செய்தன.

சுவை எப்படி இருக்கும்?

எழுத்தில் சொல்வது கடினம், இருந்தாலும் முயல்கிறேன். சிவப்பு ஒயினின் எலும்புக்கூடு துவர்ப்பு. நாவல்பழம் தின்ற பிறகு நாக்கில் நிற்குமே, அது. கபர்னே என்ற திராட்சை ரகத்தில் செய்யும் இடக்கரை ஒயின்களில் இளம்வயதில் அந்தத் துவர்ப்பு பிஞ்சு வாழைக்காய்போல் பல்லைப் பிடிக்கும். மெர்லோவில் அது முதிர்ந்த பழத்தின் துவர்ப்பு, இருக்கும், உறுத்தாது. லு பானில் அது பட்டுத்துணியின் மெல்லிய சொரசொரப்பாக மட்டும் தெரியும். கனிந்த பிளம், கறுப்புச் செர்ரி, வறுத்த காப்பிக்கொட்டை, மசாலா வாசனை. புதுப் பீப்பாயிலிருந்து வரும் தேங்காய், வனிலா சாயலும் இளம் புட்டிகளில் உண்டு. பல ஆண்டுகள் கழிந்தால் இவை அடங்கி, மழை பெய்த தோப்பின் மண், காளான், பதப்படுத்திய தோல் என்று வேறொரு வாசனை மேலே வரும்.

இளமையிலேயே இனிமையாக இருப்பதால் இது நீண்டநாள் தாங்காது என்று ஆரம்பத்தில் சிலர் சந்தேகப்பட்டார்கள். நல்ல ஆண்டுகளின் புட்டிகள் இருபது முப்பது ஆண்டு கடந்தும் உயிரோடு இருந்து அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டன.

2003-ம் ஆண்டு லு பான் ஏன் எங்குமே கிடைப்பதில்லை?

அப்படி ஒன்று வரவே இல்லை. அந்தக் கோடையில் ஐரோப்பா முழுவதும் வெப்ப அலை அடித்தது. மெர்லோ சீக்கிரம் பழுக்கும் ரகம். அந்த வெயிலில் பழம் வெந்துபோனது போலாகிவிட்டது. வந்த ஒயின் லு பான் என்ற பெயருக்குத் தகுதியில்லை என்று முடிவு செய்து அந்தப் பெயரில் வெளியிடவில்லை. ஒரு புட்டிக்கு எந்த விலை சொன்னாலும் வாங்க ஆள் காத்திருந்த காலம் அது. ஓர் ஆண்டு வருமானத்தை அப்படியே விட்டுக்கொடுத்தார்கள். லு பான் மேல் எனக்குள்ள மரியாதைக்கு, அவர்கள் விற்ற ஒயின்களைவிட, விற்காமல் விட்ட இந்த ஒயின்தான் பெரிய காரணம்.

யாராவது 2003 லு பான் இருக்கிறது என்று விற்க வந்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சேகரிப்பாளர்கள் எந்த ஆண்டுகளைத் தேடுகிறார்கள்?

1982 எல்லாவற்றுக்கும் மேலே. தோட்டம் தொடங்கி நான்காம் அறுவடை. போர்தோவுக்கே பொன்னான ஆண்டு. அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கருக்குப் பெயர் வாங்கித் தந்ததும் அந்த ஆண்டு ஒயின்களை அவர் உடனே இனங்கண்டதுதான். லு பானையும் அவர் உச்சியில் வைத்துப் பாராட்டினார். அதன் பிறகு 1989, 1990, 1998, 2000, 2005, 2009, 2010, 2015, 2016.

இதில் 1998 கவனிக்க வேண்டிய ஆண்டு. அக்டோபர் தொடக்கத்தில் மழை வந்து இடக்கரையின் கபர்னேயைப் பாதித்தது. பொமெரோலின் மெர்லோ அதற்குள் பறித்து முடிந்திருந்தது. போர்தோவின் ஆண்டு அட்டவணையை ஒரே எண்ணாகப் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

போலிகள் பற்றிக் கேள்விப்படுகிறோம். உண்மையா?

உண்மைதான். விலை உயர்ந்து, எண்ணிக்கை குறைந்து, குடித்தவர்களும் சிலரே என்றால் போலிக்காரனுக்கு அதைவிட வசதியான பொருள் வேறில்லை. உண்மையான சுவையை அறிந்தவர் இல்லாத இடத்தில் எது போலி என்று யார் சொல்வது?

பிரான்சின் இன்னொரு ஒயின் வட்டாரமான பூர்கோனின் ஒயினில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எல்லாச் சேகரிப்பாளரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2008 ஏப்ரலில் நியூயார்க்கில் ஓர் ஏலம். பொன்சோ தோட்டத்தின் குளோ சான்-தெனி என்ற ஒயின், 1945-லிருந்து பல ஆண்டுப் புட்டிகள் பட்டியலில் இருந்தன. தோட்டத்தின் உரிமையாளர் லொரான் பொன்சோ பிரான்சிலிருந்து நேரே கிளம்பி ஏல அறைக்கே வந்துவிட்டார். அவர்கள் தோட்டம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1980-களில்தான். புட்டிகள் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன. அவற்றைக் கொண்டுவந்தவர் ரூடி குர்னியவான். 2012 மார்ச்சில் அமெரிக்கக் காவல்துறை அவரைக் கைது செய்தது. அவர் வீட்டில் கட்டுக்கட்டாக அச்சடித்த லேபிள்களும் தக்கைகளும் பழைய புட்டிகளும் இருந்தன. 2013 டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பு, 2014-ல் பத்தாண்டுச் சிறை.

பொன்சோவிடம் இருந்த ஆயுதம் ஒன்றே ஒன்று: எந்த ஒயினை எந்த ஆண்டிலிருந்து செய்கிறோம் என்ற வரலாறு. நாமும் அதைத்தான் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். லு பானின் முதல் ஆண்டு 1979, 2003 கிடையாது. இந்த இரண்டு எண்ணே சில போலிகளைப் பிடித்துவிடும்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

புட்டியைப் பார்ப்பதற்கு முன் அதன் பயணத்தைக் கேளுங்கள். தோட்டத்திலிருந்து யாரிடம் போனது, எங்கே இருந்தது, எத்தனை கை மாறியது, ரசீதுகள் உண்டா. முதல் வணிகரிடமிருந்து நேரே ஒரு கிடங்குக்குப் போய் அங்கேயே படுத்திருந்த புட்டிக்கு மேல் வேறில்லை. நல்ல ஏல நிறுவனங்கள் இதைப் பட்டியலிலேயே எழுதுவார்கள்.

பிறகு புட்டிக்குள் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பத்து வயதுப் புட்டியில் கழுத்துவரை இருக்க வேண்டும். முப்பது நாற்பது வயதில் தோளின் மேல்விளிம்புக்கு இறங்கியிருந்தால் இயல்பு. தோளின் நடுவுக்குக் கீழே போயிருந்தால் தக்கை வழியாகக் காற்று நுழைந்திருக்கிறது. மாறாக, மிகப் பழைய புட்டி புதிதுபோல் கழுத்துவரை நிறைந்திருந்தால் அதுவும் கேள்விக்குரியது. தக்கை மேலே துருத்திக்கொண்டிருந்தால் வெயிலில் கிடந்திருக்கிறது என்று பொருள். மூல மரப்பெட்டியோடு வந்தால் விலை கூடும். ஆனால் பெட்டியையும் போலி செய்வார்கள்.

ஒருமுறை நான் ஒரு பொமெரோல் புட்டியை நல்ல விலைக்கு வாங்கினேன். லு பான் அல்ல, அந்த அளவுக்கு என்னால் முடியாது. லேபிள் பளபளவென்று இருந்தது. கடையில் அது கண்ணாடி அலமாரியில், விளக்கடியில், நின்ற நிலையில் பல மாதம் இருந்ததை நானே கண்ணால் பார்த்தும் கேட்காமல் விட்டுவிட்டேன். திறந்தபோது பழுப்பேறிய நிறம், உலர்ந்த அத்திப்பழ வாசனை. ஒயின் எப்போதோ முடிந்துபோயிருந்தது. அப்பாவின் அறுபதாம் பிறந்தநாளுக்காக வைத்திருந்த புட்டி அது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் கிடங்கைக் கேள் என்கிறேன்.

எப்படிப் பாதுகாப்பது?

12 முதல் 14 டிகிரி செல்சியஸ், இருட்டு, அதிர்வு இல்லாத இடம், தக்கை உலராத ஈரப்பதம், புட்டி படுத்த நிலை. குளிர்ச்சியைவிட முக்கியம் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருப்பது. விலையுயர்ந்த புட்டிகளைப் பலர் வீட்டில் வைப்பதில்லை. இங்கிலாந்தின் கோர்ஷம் அருகே பழைய கல் சுரங்கம் ஒன்றை ஒயின் கிடங்காக்கியிருக்கிறார்கள். உலகின் பெரிய சேகரிப்புகள் பல அந்த நிலத்தடியில் உறங்குகின்றன.

முதலீடாக வாங்கலாமா?

என் மனமார்ந்த பதில்: வேண்டாம். லு பானின் ஒரு புட்டி சில ஆயிரம் யூரோ. அது வட்டி தராது, வாடகை தராது. கிடங்குக் கட்டணம், காப்பீடு, விற்கும்போது ஏலத் தரகு என்று போய்க்கொண்டே இருக்கும். விலை ஏறிக்கொண்டே போகும் என்பதும் இல்லை. போர்தோ ஒயின் விலை 2011-ல் உச்சம் தொட்டுப் பல ஆண்டு சரிந்தது, 2022-க்குப் பிறகு மறுபடியும் சரிந்தது. பிடித்த ஒயினை மூன்று புட்டி வாங்கி, ஒன்று விலையேறினால் அதை விற்று மற்ற இரண்டைக் குடிப்பது பழைய சேகரிப்பாளர்கள் வழி. அதில் தவறில்லை.

எப்போது, எப்படித் திறப்பது?

நல்ல ஆண்டாக இருந்தால் பத்து ஆண்டுக்கு முன் தொட வேண்டாம். இரண்டு நாள் முன்பே புட்டியை நிமிர்த்தி வையுங்கள். வண்டல் அடியில் இறங்கட்டும். 16, 17 டிகிரியில் ஊற்றுங்கள். நம் ஊர் அறைச்சூட்டில் எந்தச் சிவப்பு ஒயினும் சாராய நெடிதான் அடிக்கும். மிகப் பழையதை மணிக்கணக்கில் காற்றாட விடாதீர்கள். கோப்பையில் அது மாறுவதைப் பார்ப்பதே இன்பம். காரமும் புளியும் மிகுந்த சாப்பாட்டோடு இதைச் சேர்க்க வேண்டாம். வாட்டிய வாத்துக்கறி, காளான், மெதுவாக வெந்த ஆட்டிறைச்சி போதும்.

அவ்வளவு பணம் இல்லை. இந்தச் சுவையின் ஓரத்தையாவது தொட வழி உண்டா?

உண்டு. பொமெரோலுக்கு வடக்கே, பார்பான் ஓடையைத் தாண்டினால் லலாந்த்-து-பொமெரோல். அங்கேயும் மெர்லோதான், விலை பல மடங்கு குறைவு. நல்ல வணிகரிடம் கேட்டு நல்ல ஆண்டில் ஒரு புட்டி எடுங்கள்.

ழாக் தியென்பொனே வேறு இரண்டு தோட்டங்களைப் பிறகு தொடங்கினார். ஒன்று சாந்த்-எமிலியோனில்; அதன் பெயர் லீஃப், யூ மரம். இன்னொன்று அதற்கும் கிழக்கே கஸ்தியோன் பகுதியில். பெயர் லெத்ர், பீச் மரம். பைன் மரத்தில் தொடங்கியவர் மரப்பெயர்களையே தொடர்ந்திருக்கிறார். மூன்றில் மிகவும் மலிவானது லெத்ர். ஒரு புட்டி கிடைத்தால், நாலு பேரை வீட்டுக்கு அழைத்து அன்று இரவே திறந்துவிடுங்கள்.